ஆரல்வாய்மொழிச் சக்களத்தி

எங்கள் சாந்தோம் வீட்டு ஹாலில் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலையின் போட்டோ தொங்குகிறது. கல்யாணப் போட்டோ பீரோவுக்குள் கிடக்கிறது. வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நான் ஒருநாளும் சிரித்ததில்லை. ஆரல்வாய்மொழியில் என் வீட்டுக்காரர் முதன்முதலாக நிறுத்திய ஆலை அது. மூன்று இறக்கை, ஒற்றைக்கால், வெள்ளைவெளேரென்று நிறம். எனக்கு வாய்த்த சக்களத்தி அவள்தான் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருக்கு தி. நகரில், காற்றாலை விற்கும் கம்பெனியில் வேலை. துணிக்கடை முதலாளிகளைப் பிடித்துப் பேசிப் பேசியே பணம் போட வைப்பார். அவர்களுக்குக் காற்றைப் பற்றியோ கரண்டைப் பற்றியோ ஒரு கவலையும் கிடையாது. மார்ச் முடிவதற்குள் ஆலை சுற்ற ஆரம்பித்தால் வரியில் சலுகை, அதுதான் கணக்கு. அரசாங்கம் அப்படி ஆசை காட்டித்தான் இந்தத் தொழிலையே வளர்த்தது. ஆகவே மார்ச் வந்தால் மனுஷர் ஊரில் இருக்கமாட்டார், ஆலை நிறுத்த ஆரல்வாய்மொழிக்குப் போய்விடுவார். எங்களுக்கோ அது தவக்காலம். குருத்தோலை ஞாயிறன்று மற்ற பெண்களெல்லாம் புருஷனோடு பவனி போவார்கள். நான் ஒரு கையில் மகளையும் மறு கையில் அவர் பங்கு ஓலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பேன். வயிறு எரியும். போனில் கேட்டால், "இந்த வருஷம் முடிஞ்சிடட்டும்டி, அடுத்த வருஷம் கண்டிப்பா" என்பார். மார்ச் போனால் காற்றுக்காலம் வரும். அப்போதும் அங்கேதான் இருப்பார்.

அதிசயமாக ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். புதுப் புடவை கட்டியிருந்தேன். என் தலைப்பு பறப்பதையே உற்றுப் பார்த்தார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கடைசியில், காற்று இன்ன வேகத்தில் அடிக்கிறது என்று சொன்னார். புடவை புதுசு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். அவளுக்குக் கியர் பாக்ஸ் போய்விட்டதாம்.

இப்போது ரிட்டயராகி வீட்டோடு இருக்கிறார். காற்றிலும் வெயிலிலும் இத்தனை கரண்ட் எடுத்தாக வேண்டும் என்று நாடே ஒரு இலக்கு வைத்துக்கொண்டு ஓடுகிறது. நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில்கூட சோலார் தகடு போட்டுவிட்டார்கள். பழைய சின்ன ஆலைகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியதாக நிறுத்தலாம் என்று கொள்கையும் வந்தது. போன மாதம் ஆபீஸிலிருந்து பழைய ஜூனியர் ஒருவர் கூப்பிட்டு, அவளையும் இறக்கப்போகிறார்கள் என்று சொன்னார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஒழிந்தாள் என்று அன்றைக்கு மட்டன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நேர்ல போய்ப் பாக்கலயா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இலக்கு இலக்குன்னு ஊரெல்லாம் கத்தினவனே நான்தான். சின்னது போனாதான பெருசு வரும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. நேற்று காலை அந்த ஜூனியர் வீடியோ அனுப்பினார். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கிரேன் முதலில் இறக்கைகளை இறக்கியது. மொட்டைக் கம்பமாக அவள் நின்றபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் கம்பத்தையும் படுக்க வைத்தார்கள். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. போன் பிடிக்காத கையால் பக்கத்தில் துழாவி, என் கையைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் என் கையைப் பிடித்தவரில்லை. கை நடுங்கியது.

எனக்காக ஒருநாளும் நடுங்காத கை அது. தெரிந்தும், விட மனசில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.