பழைய மானிட்டரில் இருந்த பெண்

எனக்கு அனிமேஷன் வேலை, தம்பிக்கு கேம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும் என்பதால், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்தோம். நான் கூடுதல் ராம் வேண்டுமென்று அடம்பிடித்தேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் இருவருமாக மானிட்டர் செலவில்தான் கைவைத்தோம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் பழையது ஒன்றை வாங்கினோம்.

முதல் நாளே, கேமில் பனி கொட்டும் இடம் வந்ததும் தம்பி கத்தினான். "அக்கா, பனிக்குள்ள ஒரு பொண்ணு நின்னுக்கினு இருக்குது!"

கேமில் வரும் ஆள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் படம் வரைய வெள்ளைப் பக்கத்தைத் திறந்தபோதும் அவள் இருந்தாள். ஒற்றைப் பின்னல், சிரிக்காத உதடு, நேராக என்னையே பார்க்கும் கண்கள். பயத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். அணைந்த கண்ணாடியிலும் லேசாகத் தெரிந்தாள்.

மறுநாள் மானிட்டரைத் துண்டால் சுற்றி ஸ்டுடியோவுக்கே தூக்கிப்போனோம். ஸ்டுடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்ணும்மா. அவ தவறிப்போனதுலருந்து அந்த ஒரு போட்டோவத்தான் எந்நேரமும் திரையில வெச்சிக்கினு இருந்தோம். அது கண்ணாடியிலயே அப்படியே பதிஞ்சிடுச்சி. எங்க வீட்டம்மா அது முன்னாலயே உக்காந்துக்கினு இருக்குதேன்னுதான் வித்துட்டேன். வேற ஒண்ணு தரேன்..."

அவர் முடிப்பதற்குள், உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி துண்டை விலக்கினார். மின்சாரமே இல்லாத அந்தக் கண்ணாடியைப் புறங்கையால் தடவினார்.

"வந்துட்டியாமா?" என்றார்.

எங்களுக்குக் கிடைத்த வேறு மானிட்டர் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் பனி வரும் இடத்தில் தம்பி விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்ப்பான். நானும் பார்ப்பேன். அவள் இல்லாத அந்த வெள்ளைதான் இப்போது எனக்குப் பயமாக இருந்தது.