லைக்கா போட்ட ஆறு குட்டிகள்

விண்வெளிக்குப் போன லைக்கா என்ற நாய் பத்திரமாகத் திரும்பி வந்து ஆறு குட்டிகள் போட்டது என்று ஒன்பது வயதில் நம்பியிருந்தேன். சொன்னது அம்மா. எடப்பாடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், குவைத்தில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

எனக்குக் கேள்விகள் தீரவில்லை. அங்கே அது யாரைப் பார்த்துக் குரைத்தது? மூத்திரம் எங்கே போனது? துணி மடித்தபடியே அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "சன்னல் வழியா நிலாவப் பாத்துக் குரைச்சுதாமா."

வகுப்பில் அறிவியல் டீச்சர் லைக்காவைப் பற்றிக் கேட்டதும் எழுந்து, குட்டிகள் வரை ஒப்பித்தேன்.

"இல்ல சாமி, அது திரும்பவேயில்ல. ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. அப்பறம் வலி தெரியாம மருந்து குடுத்துத் தூங்க வெச்சுட்டாங்க" என்றார் டீச்சர். பின்வரிசையில் சிரித்தார்கள்.

புத்தகப் பையைக்கூட இறக்காமல் அம்மாவிடம் போய் நின்றேன்.

"நாய் செத்துப்போச்சாமா. எதுக்குப் பொய் சொன்ன?"

"டீச்சருக்குத் தெரியாது கண்ணு. அது வந்துருச்சு."

"புஸ்தகத்துலயே போட்டிருக்குதாமா!"

"புஸ்தகம் என்னத்தக் கண்டுச்சு? வந்துருச்சுன்னா வந்துருச்சு."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். டீச்சரின் ஒரு வாரமும் கட்டுக்கதைதான். கிளம்பிய சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் லைக்கா இறந்திருக்கிறது. வெகுகாலம் அந்த உண்மை வெளியே வரவில்லை. பின்னால் போன வேறு இரண்டு நாய்கள் உயிரோடு திரும்பின. அவற்றில் ஒன்றுதான் ஆறு குட்டிகள் போட்டது. அம்மா தெரியாமல் கலந்தாளா, தெரிந்தேவா? மூன்று வருடத்தில் அவள் குவைத்திலிருந்து திரும்பிவிட்டாள்; இதை நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதுதான். கிளம்பும் நாளில், சேலம் பஸ்ஸில் ஏறுமுன் அவள் என் கன்னத்தைத் தொட்டாள்.

"போயிட்டு வாரேன் சாமி."

"லைக்காவும் இப்படித்தான் சொல்லிட்டுப் போச்சா?" என்றேன்.

அம்மா பஸ்ஸில் ஏறினாள். நான் நின்ற பக்கம் சன்னலோரம் காலியாக இருந்தும், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பக்கம் வெயில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.