சிவப்புக் கோடு போட்ட பதினாலு தடிகள்

லோகநாயகி அக்குள் கட்டையை மடியில் கிடத்தி, அதன் அடியிலிருந்த ரப்பர் புஷ்ஷைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்துபோன புஷ். அது கழன்றதும், சோப்புத் தண்ணீரில் முக்கிய புதுசு ஒன்றை எடுத்து உள்ளங்கையால் அழுத்தித் திருகி ஏற்றினாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது. ஆவடியில் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கான ஆஸ்பத்திரி அது. எலும்புப் பிரிவின் பின்பக்க வராந்தாவில் இருபத்தாறு வருஷமாக அவள் உட்காரும் இடம் இது.

தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்த கோதண்டம் வந்து எதிரே நின்றார். தனக்குப் பதினாலு ரப்பர் புஷ் வேண்டும் என்றார்.

"இன்னா அண்ணாத்தே, பதினாலு பேருக்கும் ஒரே நாள்ல காலு ஒடிஞ்சிப் போச்சாங்க?"

கோதண்டத்துக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. மனமகிழ் மன்றத்தில் மலையேற்றக் குழு ஆரம்பித்திருப்பதாகவும், அடுத்த மாதம் ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஒரு மலைக்குப் போகப்போவதாகவும், தடிகள் தன் மேற்பார்வையில் தயாராவதாகவும் சொன்னார். "மேற்பார்வை" என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு முதுகு நிமிர்ந்தது. 1993ஆம் வருஷம் ஆவடி குவார்ட்டர்ஸில் தானாக முதுகு நிமிர்ந்த ஆண்கள் நிறையப் பேர். அவர்களுடைய இடுப்பு வலிக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தவள் லோகநாயகி. அதனால் அவளுக்கு அதில் மரியாதை ஒன்றும் வரவில்லை.

அவள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பிறந்தவள். அப்பா மற்றவர்கள் வயலில் நாற்று நட்டார். பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். மூன்றாம் வருஷம் எலும்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். கட்டை அளப்பது, கால் மடக்குவது, விழாமல் ஒருவரை எழுப்புவது எல்லாம் அங்கே முறையாகக் கற்றுக்கொண்டு, சான்றிதழும் வாங்கினாள். லாரி ஓட்டிய புருஷன் செங்குன்றத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அவள் தேடிப் போகவில்லை. வேலை இருந்தது.

கோதண்டத்தின் மனைவி சொர்ணம் அவளுக்கு மேல்வீடு. இரண்டாவது மாடி. நாற்பத்து நான்கு வயது, வலது முட்டியில் நாலு வருஷமாக வலி. அந்த வலியைக் காரணம் காட்டி வீட்டில் இருந்தவர்கள் அவள் போய்வருவதை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார்கள். முதலில் மார்க்கெட், பிறகு கோயில், பிறகு தங்கை வீடு. கொரட்டூரில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் தைக்க ஆள் கேட்டார்கள். சொர்ணம் போய்ச் சொல்லிவைத்து, அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து சேரலாம் என்று பதிலும் வாங்கிவிட்டாள். தினமும் ரயில், தினமும் ஸ்டேஷன் மேம்பாலப் படி. இந்த முட்டியோடா என்று கோதண்டம் கேட்டார். அவள் விடவில்லை. கடைசியில், அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு குழுவோடு மலை ஏறி, யாரும் தூக்காமல் தன் காலால் இறங்கி வந்துவிட்டால் போகலாம் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். முடியாது என்ற நம்பிக்கையில் சொன்னது அது.

சொர்ணம் கீழே வந்து லோகநாயகியிடம் உட்கார்ந்தாள்.

"ஏறிடுவேன்க்கா. எறங்கறதுதான் பயமாக்கீது."

"ஏறச்சொல்ல நெஞ்சு வேலை செய்யும், எறங்கச்சொல்ல முட்டி வேலை செய்யும். உன் பயம் சரியான எடத்துலதான் கீது. நாளைலேர்ந்து வா."

ஐந்து வாரம் மாடிப்படியிலேயே பழக்கினாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கைத்தடி ஒன்றைக் கொடுத்து, வலி வலது முட்டியில் என்றால் தடி இடது கையில் என்று ஆரம்பித்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில், நல்ல கால் பின்னால். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துகிற பயிற்சி ஒரு வேளைக்கு இருபது தடவை. சொர்ணம் ஒரு நாளும் தவறவில்லை.

தடிகளின் கதை வேறு விதமாகப் போனது. குழுவின் செயலாளர் கஜபதி ஆறடி ஆள். அவருடைய மைத்துனர் ஜெர்மனியிலிருந்து ஒரு ஜோடி மலைத்தடி அனுப்பியிருந்தார். ஒரு குழாய்க்குள் ஒரு குழாய். திருகினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். தேவைக்கு நீட்டலாம், குறுக்கலாம். கூடவே ஒரு காகிதம். பாஷை யாருக்கும் புரியாவிட்டாலும் படம் புரியும். முதல் படத்தில் சமதரையில் ஒருவன், முழங்கை செங்கோணமாக மடங்கியிருக்கிறது. இரண்டாவதில் ஏறுகிறான், தடி குட்டை. மூன்றாவதில் இறங்குகிறான், தடி நெட்டை. லோகநாயகி மூன்று படத்தையும் பார்த்தாள். கோதண்டம் முதல் படத்தைப் பார்த்துவிட்டு அளவு நாடாவை எடுக்கப் போய்விட்டார்.

இரண்டு தடி இருக்கிறதே, ஒன்றைச் சொர்ணத்துக்குக் கொடுத்தால் என்ன என்று லோகநாயகி கேட்டாள். கோதண்டம் அதிர்ந்துபோனார். அது மூல மாதிரி. மாதிரியை உபயோகித்தால் தேய்ந்துவிடும், தேய்ந்துபோன மாதிரியை வைத்து எதைச் சரிபார்ப்பது என்றார். ஜெர்மன் தடி இரண்டும் மன்றத்துக் கண்ணாடி அலமாரிக்குள் போயின. பூட்டுப் போட்டு, சாவியை அவரே வைத்துக்கொண்டார். மலைக்குப் போகாத ஒரே தடிகள் அவைதான்.

பாரிமுனையில் அலுமினியக் குழாய் வாங்கி, பாடியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, அதே மாதிரி குழாய்க்குள் குழாயாக, ஆளுக்கு ஒன்றாகப் பதினாலு தடி செய்தார்கள். நன்றாகவே வந்திருந்தன. லேசு. கைப்பிடிக்குத் தக்கை, மணிக்கட்டுக்கு நாடா. அதோடு விட்டிருக்கலாம். கோதண்டம் ஒவ்வொன்றையும் நிறுத்தி, மேலே மணல் மூட்டை வைத்துச் சோதித்தார். ஒரு தடி நூலளவு உள்ளே இறங்கியது. அவருடைய முப்பது வருஷ உத்தியோகம் உள்ளுக்குள்ளிருந்து விழித்துக்கொண்டது. நகர்கிற பொருளை அவர் வாழ்நாளில் தேறியதாகக் கையெழுத்திட்டு அனுப்பியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்மின்டன் மைதானத்தில் பதினாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார். முழங்கையை மடக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் உயரம் அளந்தார். தடியை அந்த அளவுக்கு நீட்டித் துளை போட்டு, ரிவிட் அடித்தார். தொழிற்சாலையில் பார்த்து முடித்த போல்ட்டின்மேல் இழுப்பதுபோல, இணைப்பின் குறுக்கே சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. பக்கத்தில் எண். பதிவேட்டில் எண்ணுக்கு நேரே பெயர், கையெழுத்து. சொர்ணம் ஏழாம் எண்.

நீட்டிக் குறுக்குவதற்கென்று செய்த தடியை ரிவிட் அடித்துப் பூட்டிய மனிதரை லோகநாயகி ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இதற்கு இரண்டு குழாய் எதற்கு, ஒரே குழாயில் செய்திருந்தால் பட்டறைக்காரனுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்குமே என்று கேட்டாள். இப்போது பாதுகாப்பானது என்று கோதண்டம் பதில் சொன்னார். கஜபதி தலையாட்டினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பரிசோதகர் சொன்னால் தலையாட்டுவது அங்கே எல்லாருக்கும் கைவந்த பழக்கம்.

லோகநாயகி ஏழாம் எண்ணை வாங்கி, கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றினாள். மேட்டில் ஏறும்போது அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம், தடி குட்டையான மாதிரிதான். இறங்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. கைப்பிடிக்குக் கீழே பிடிக்கலாம். மேலே இல்லாத தடியை எங்கே பிடிப்பது?

முதலுதவிப் பெட்டிக்கு ஆள் வேண்டும் என்று மன்றத்தில் கேட்டதால் அவளும் வேனில் ஏறினாள். விடிந்து ஏழரைக்கு மலையடிவாரம். புதரும் பாறையுமாகப் பாதை. சொர்ணம் டியூப் சுற்றிய இடத்தைப் பிடித்து, நல்ல காலை முன்வைத்து, ஒரே சீராக ஏறினாள். முன்னால் பாய்ந்து ஓடியவர்கள் பாதி வழியில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தபோது அவர்களைத் தாண்டிப் போனாள். பதினோரு மணிக்கு உச்சிச் சுனை. எல்லாரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். கோதண்டம் சாப்பிடுவதற்கு முன்னால் தடிகளைப் பாறையில் சாத்தி எண்ணினார். பதினாலும் இருந்தன.

கை கழுவி வந்த லோகநாயகி அந்தத் தடிகளைப் பார்த்தாள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, இடையில் எத்தனையோ. ஒரு தடிகூட நீளாது. ஆனால் வேண்டிய நீளம் எல்லாம் வரிசையாக அங்கேயே நின்றது.

சொர்ணத்தைக் கூப்பிட்டுச் சரிவின் விளிம்பில் நிறுத்தினாள். முதலில் கஜபதியின் தடியைக் கொடுத்தாள். கை மார்புக்கு ஏறியது, அது ஆகாது. இன்னொன்று, போதவில்லை. அடுத்து எடுத்த நாலாம் எண், ஸ்டோரில் வேலை செய்யும் பாஸ்கரனுடையது. அதைக் கீழ்ப்படியில் ஊன்றியதும் சொர்ணத்தின் முதுகு வளையாமல் நின்றது, முழங்கை சரியாக மடங்கியது.

கோதண்டம் பதிவேட்டோடு வந்தார். "லோகாம்மா, அது நாலாம் நம்பரு. அவளோடது ஏழு. அளந்து குடுத்தது. மாத்தக் கூடாது."

"எங்க அளந்தீங்க?"

"கிரவுண்டுல. எல்லாரும் பாத்துகினுதான இருந்தீங்க."

"கிரவுண்டு சமமா கீது. மல சமமாவா கீது?"

"வழில எதுனா ஆச்சின்னா நான்தான் பதில் சொல்லணும். ரெக்கார்டுல ஏழுன்னு கீது."

அதுவரை "ங்க" போட்டுப் பேசிய லோகநாயகி அதை விட்டுவிட்டாள். "ரெக்கார்டு எறங்கல அண்ணாத்தே. உன் பொண்டாட்டி எறங்கறா. குட்டத் தடிய ஊனிகினு குனிஞ்சா ஒடம்பு மொத்தமும் முட்டிமேல வந்து ஒக்காரும். அவ விழணும்னு ஆசயா இருந்தா வாயத் தொறந்து சொல்லு."

சுற்றி நின்றவர்கள் சுனையைப் பார்த்தார்கள். கோதண்டம் மனைவியைப் பார்த்தார். சொர்ணம் ஏழாம் எண்ணை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத நீங்களே வெச்சிக்குங்க. உங்க ரெக்கார்டுக்கு ஆவும்."

பாஸ்கரன் சிரித்துவிட்டுக் கஜபதியின் தடியை எடுத்துக்கொண்டான். கஜபதி ஒரு புதரில் நீளமாகக் கொம்பு ஒடித்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்களைவிட ஒரு பிடி உயரமானவன் தடியைப் பிடுங்கத் தொடங்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் பதிவேடு குப்பையானது. கோதண்டம் மட்டும் தன்னுடைய ஒன்றாம் எண் தடியை விடவில்லை. இன்னொரு கையில் ஏழு.

சொர்ணம் இறங்கினாள். தடி, வலது கால், இடது கால். தடி, வலது கால், இடது கால். செங்குத்தான இடம் வந்தபோது லோகநாயகி அவளுக்கு ஒரு படி கீழே, பக்கவாட்டில் நடந்தாள். கை கொடுக்கவில்லை. கை கொடுத்தால் தூக்கிவிட்டதாகக் கணக்குச் சொல்லும் ஆள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அவர் இரண்டு குட்டைத் தடியையும் எட்டி எட்டி ஊன்றி, குனிந்து குனிந்து, மூன்று தடவை பாறையில் உட்கார்ந்தார். நாலாம் தடவை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே, பேன்டின் பின்பக்கம் தேயத் தேய, அந்தச் சரிவு முழுக்க நகர்ந்து வந்தார். தடிகள் அவருக்கு முன்னால் உருண்டு வந்தன. ரிவிட் ஒன்றும் விடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றே காலுக்குச் சொர்ணம் வேன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தாள். கோதண்டம் வந்து சேர நாலரை ஆயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லோகநாயகி மேல்வீட்டுக்குப் போனாள். சொர்ணத்தின் முட்டியைக் கட்டைவிரலால் நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் சூடு, நீர் கோக்கவில்லை. கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் கட்டினாள். மேம்பாலத்தில் கைப்பிடியை விடாதே, ஏற நல்ல கால், இறங்க மற்றது என்றாள். உள்ளறையில் கோதண்டம் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் பார்க்கலாமே என்று ஏதோ ஆரம்பித்தார். சொர்ணம் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்கில் இருப்பதாக அவருக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இரண்டு மாடியும் இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஏழு ஐம்பது வண்டியில் கொரட்டூர் போய் இறங்கி, எட்டரைக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.