உப்புப் போட்டுக் காயவைத்த பூவரசம்பூ

மீன் கூடையில் பூவைப் போட்டுவைத்தால் என்ன வாசனை வரும் தெரியுமா... எங்கள் எம்.எஸ்சி. லேப் முழுக்க ஒரு மாசம் அந்த வாசனைதான்.

பட்டினச்சேரியில் எங்கள் வீடு. அம்மா தெருத்தெருவாக மீன் விற்பாள். நான் காரைக்காலில் கெமிஸ்ட்ரி படித்தேன். பூவரசம்பூவிலிருந்து ஃபிளவனாய்டு கிளைகோசைடைப் பிரித்தெடுப்பது என் ப்ராஜெக்ட். பூவில் உள்ள மஞ்சள் பொருளோடு ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குத்தான் இவ்வளவு பெரிய பேர்.

பூவை நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் சத்து மாறிவிடும் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் துணி விரித்து, ஃபேன் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலேஜ் விட்டு வருகிறேன். வாசலில் நெத்திலி காய்கிறது. பக்கத்திலேயே என் பூவும் காய்கிறது... மேலே உப்பு.

"உள்ளயே கெடந்தா பூசணம் புடிச்சிரும்ல ஆயி. அதான் ஒரு கை உப்பப் போட்டு வெயில்ல காட்டுனேன்" என்றாள் அம்மா. மகள் என்னை அவள் ஆயி என்றுதான் கூப்பிடுவாள்.

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இந்தப் பூ இனி ப்ராஜெக்டுக்கு ஆகாது என்றதும் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாளிலிருந்து, கோவில்பத்துப் பக்கம் மீன் விற்றுத் திரும்பும்போது, வழியெல்லாம் பூவரசம்பூ பறித்துக் காலிக் கூடையில் கொண்டுவந்தாள். சர்க்கரை வியாதியால் ஆறாத புண் ஒன்று அப்போதே அவள் காலில் இருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பாள்.

"இது எதுக்கு ஆயி ஆவும்?"

"புண்ணு ஆறும்ங்கிறாங்கம்மா. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க."

"எலிக்கு ஆறுதுன்னா எனக்கு ஆறாதா?"

"மனுசங்களுக்குக் குடுக்க இன்னும் நாளாவும்மா."

"ஆவட்டும். நா எங்க போவப்போறேன்."

பூவிலிருந்து நான் பிரித்தெடுத்த பொருள் யூவி விளக்கின் கீழ் பேப்பரில் ஒரு புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்த அன்று, அம்மா கூட இருக்கக் கூடாதா என்றிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். சாதா வெளிச்சத்தில் வெறும் மங்கல் மஞ்சள்.

"இத்துனூண்டுக்கா அம்புட்டுப் பூவு" என்றாள். ஆனாலும் அந்தப் பேப்பரை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இப்போது புதுச்சேரியில் ஒரு மருந்து கம்பெனி லேபில் இருக்கிறேன். பூப் பறிக்கிற வேலையே இல்லை. அதே பொருள் சுத்தமான பொடியாக, சின்னக் குப்பியில் கூரியரில் வந்துவிடுகிறது. எந்த வாசனையும் கிடையாது.

அம்மாவின் புண் கடைசிவரை ஆறவில்லை. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தோம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை... போன மழைக்காலத்தில் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் கேட்டாள். "ஒம் பூ மருந்து வந்துருச்சா ஆயி?"

"இன்னும் எலிக்கிட்டதாம்மா இருக்கு" என்றேன். சிரித்தாள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

எங்கள் கம்பெனி வாசலிலும் ஒரு பூவரசு நிற்கிறது. காலையில் மஞ்சளாக இருக்கும் பூ சாயங்காலம் சிவந்து உதிர்ந்து கிடக்கும். அன்றைக்கு இந்தப் பூவுக்காக அம்மா அந்தக் காலை வைத்துக்கொண்டு எத்தனை தெரு நடந்தாள்... இன்றைக்கு என் காலடியிலேயே கிடக்கிறது. குனிந்து எடுக்க மனசு வரவில்லை.