வீடு யார் பேர்ல?

எங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் ரேஷன் கடையை ஒட்டிய ஒற்றை அறை. அம்மா வீட்டு வரி கட்டப் போனால் அங்கிருந்த கிளார்க் எதுவும் கேட்க மாட்டார். அப்பா பெயருக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிடுவார். லோயர் கேம்ப் தாண்டி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போன அப்பா பல வருடமாகத் திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். அம்மா பொட்டை அழிக்கவில்லை என்பதும் தெரியும். ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் அந்த மனிதர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தேனி தனி மாவட்டமான பிறகு, சுற்றுப்பட்டு ஊர்களின் வரிக் கணக்கையெல்லாம் ஒரே ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். புது இடத்தில் எங்களை யாருக்குத் தெரியும்?

"வீடு யார் பேர்ல?"

"அவுக பேர்ல."

"எவுக பேர்ல?"

அம்மா புருசன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நான்தான் சொன்னேன்.

"அடுத்த வாரம் வீட்டுக்காரங்க பேரையெல்லாம் வாசிச்சுச் சரிபார்ப்போம். அவுக நேர்ல வரணும். இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டது ஒன்றுதான். "உசுரோட இருக்க மனுசனுக்கு என்னத்துக்குடி சர்டிபிகேட்டு?"

சொன்ன நாளில் அந்த ஆபீஸ் வாசலில் நல்ல கூட்டம். உச்சி வெயில். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. நாங்கள் கடைசி ஆட்களாகச் சுவரை ஒட்டி நின்றோம். அப்பா பெயரை வாசித்தார்கள். என்ன சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. அப்பா செருமாமல் பேச்சை ஆரம்பித்ததே கிடையாது.

"இருக்கேன்யா."

திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். கிளார்க் தலையைத் தூக்காமல் டிக் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

"அம்மா, யாரும்மா அது?"

அம்மா திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அதான் சொல்லிட்டாகள்ல. வா, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

அதன்பிறகு வருடா வருடம் ரசீது அப்பா பெயரிலேயே வந்தது. அம்மா சாகும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்குப் பயம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மா போன பிறகு, வீட்டை என் பெயருக்கு மாற்ற அதே ஆபீசுக்குப் போனேன். இப்போது கம்ப்யூட்டர். அதைப் பார்த்தபடி ஒரு பெண் அப்பாவின் பெயரைச் சத்தமாக வாசித்தாள்.

"பேர் வாசிச்சுச் சரிபார்த்த வருசம் நேர்லயே வந்திருக்காகன்னு காட்டுதே. இப்ப இருக்காகளா, இல்லையா?"

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை.

"அக்கா, உங்களத்தான்."

"இல்லை" என்றேன்.

அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல். அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் வரவில்லை.