கொன்ட்ராபாஸ் சுமந்த புதன்கிழமைகள்

எங்கள் ஊர் இசைப்பள்ளி மாநகரசபைக்குச் சொந்தமானது. செங்கல் கட்டடம், வாசலுக்கு எதிரே ட்ராம் தரிப்பிடம், உள்ளே நீளமான ஒரு நடை. அந்த நடையில் போட்டிருக்கும் மரக் கதிரையில் நான் வருடக்கணக்காக நித்திரை கொண்டிருக்கிறேன். மகளின் சங்கீதப் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நித்திரைதான்.

மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, பிள்ளைகள் வந்து எல்லா வாத்தியங்களையும் தொட்டுப் பார்க்கலாம் என்று பள்ளியில் ஒரு நாள் வைத்தார்கள். நான் வயலினை நினைத்துக்கொண்டு போனேன். வுப்பர்டால் நகரத்தில் இருக்கும் என் மச்சாளின் பிள்ளைகள் வயலின்தான் வாசித்தார்கள். கோயில் திருவிழாவிலும் வாசிக்கலாம், கையோடு கொண்டு போகலாம். மகள் வயலின் அறையில் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசி அறையில், நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த உயரமான ஓர் ஆசிரியை, கொன்ட்ராபாஸ் என்ற, அலுமாரி போல உயரமான ஒரு தந்தி வாத்தியத்தின் பக்கத்தில் நின்றார். வில்லை மகளின் கையில் கொடுத்து, ஆகத் தடித்த தந்தியில் இழுக்கச் சொன்னார். இழுத்தாள். உடனே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பலகைத் தரையில் நின்று இன்னொரு தரம் இழுத்தாள்.

"அம்மா, காலுக்குள்ள கேக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு வயலினைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை. பள்ளியே சின்ன அளவு கொன்ட்ராபாஸ் ஒன்றை இரவலாகத் தந்தது. சின்னது என்று ஆசிரியைதான் சொன்னார். வீட்டுக்குக் கொண்டு வந்தபோது என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"உதை எங்க வைக்கிறது? பிறகு நாங்கள் எங்க படுக்கிறது?"

ஆனால் அவர்தான் கட்டிலைத் தள்ளி அதற்கு ஒரு மூலை ஒதுக்கினார்.

வகுப்பு புதன்கிழமைகளில். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை வேலைக்கு இருட்டோடு போய்விட வேண்டும். ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி முடிய மத்தியானமாகிவிடும். வீட்டுக்கு வந்து சோறு வைத்து, மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கொன்ட்ராபாஸைத் தூக்குவேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. கார் கணவரோடு வேலைக்குப் போய்விடும். படிகளில் மகள் கீழ்ப்பக்கத்தைப் பிடிப்பாள், பாரம் என் தோளில் இருக்கும். ட்ராமில் ஏறினால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "புல்லாங்குழல் படித்திருக்கலாமே!" இந்தப் பகிடியைத் தான்தான் முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். சிரிக்காமல் இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

மகளையும் கொன்ட்ராபாஸையும் அறை வாசலில் விட்டுவிட்டு நடையில் இருப்பேன். ஒரு கதவால் ட்ரம்பெட், இன்னொரு கதவால் பியானோ, எங்கேயோ ஒரு பிள்ளை பாட்டின் ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி விழும் சத்தம். கண் தானாக மூடும். வேலையிடத்தில் யாராவது மணி அடித்தபடி இருப்பார்கள், வீட்டில் யாராவது கூப்பிட்டபடி இருப்பார்கள். அந்த நடையில் நான் யாருக்கும் தேவையில்லை. மகள் வந்து கையைத் தொடும்போது எழும்பி, திரும்பவும் கொன்ட்ராபாஸைத் தூக்குவேன்.

மகளுக்குப் பதினாலு வயதான மழைக்காலத்தில், ட்ராமுக்குக் குறுக்கே ஒரு கார் வந்தது. சாரதி திடீரென்று பிரேக் போட்டார். கொன்ட்ராபாஸ் சரிந்தது. நான் யோசிக்கவில்லை, அதற்கும் பிடிகம்பிக்கும் நடுவில் போய் விழுந்தேன். வாத்தியத்துக்கு ஒரு கீறலும் இல்லை. முதலில் நான் பார்த்தது அதைத்தான். பிறகுதான் வலது கை தூக்க வரவில்லை என்று தெரிந்தது.

தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஒப்பரேஷன் செய்தார்கள். கன நாள் வேலைக்குப் போகவில்லை. என் தலைமுடியை என்னால் வாரி இழுக்க முடியாமல் மகள்தான் வாரிப் பின்னிவிட்டாள். இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று, சாப்பிட இருந்தபோது கணவர் சொன்னார்:

"உமக்கு இனி ஏலாது. பிள்ளைக்கும் தனியத் தூக்கிக் காவ ஏலாது. உந்தப் படிப்பை நிப்பாட்டுவம்."

மகள் அழுவாள் அல்லது சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கோப்பையில் இருந்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஆசிரியையிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். வகுப்பு தொடங்கிய பிறகு, கையில் ஒன்றும் இல்லாமல் ட்ராமில் அங்கே போனது அன்றுதான் முதல் தடவை. அந்த முதல் நாளுக்குப் பிறகு நான் அவருடைய அறைக்குள் போனதும் அன்றுதான். முதியோர் இல்லத்தில் பழகிய என் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், விஷயத்தைச் சொன்னேன்: என் தோள் இப்படி, வாத்தியத்தைக் கொண்டு வர இனி ஆளில்லை, ஆகவே நிறுத்தப் போகிறோம்.

அவர் விளங்காதவர் போல என்னைப் பார்த்தார்.

"ஏன் கொண்டு வர வேண்டும்? இங்கே இருக்கிறதே."

அவருக்குப் பின்னால் சுவரோரமாக மூன்று கொன்ட்ராபாஸ்கள் நின்றன. ஒன்று மகளின் அளவு.

"எல்லாப் பிள்ளைகளும் இவற்றில்தான் வாசிக்கிறார்கள். இரவல் தருவது வீட்டில் பழகுவதற்கு. நீங்கள் ஒவ்வொரு கிழமையும் கொண்டு வந்தீர்கள். தன் வாத்தியத்தில்தான் வாசிப்பேன் என்று இவளுக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன்."

வாத்தியம் படிக்கிறவர் வாத்தியத்தோடு வர வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ விஷயங்களை இப்படித்தான் கேட்காமலே செய்துகொண்டு வந்திருக்கிறேன். திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ராமில் ஏறி இருந்த பிறகு கேட்டேன்.

"உனக்குத் தெரியுமே?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"தொடக்கத்தில இருந்து. மற்றப் பிள்ளையள் எல்லாம் சும்மா கையோடதான் வாறவை."

எனக்குத் தலை கொதித்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் குரலை அடக்கினேன்.

"என்ர தோளைப் பார். ஒரு வார்த்தை சொல்லுறதுக்கு உனக்கென்ன?"

அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அது இல்லாட்டி நீங்கள் வரமாட்டீங்கள். தனியப் போட்டு வா எண்டு சொல்லியிருப்பீங்கள். புதன்கிழமைப் பின்னேரமும் வேலை எடுத்திருப்பீங்கள்."

"நான் வந்து என்னத்தைக் கண்டனான்? அங்க நித்திரைதானே கொண்டனான்."

"ஓம். கதவில கண்ணாடி இருக்குதெல்லே? அதால பாப்பன். நீங்கள் இருப்பீங்கள்."

'இல்லை, வந்திருப்பேன்' என்று வாய் வரை வந்தது. ஆனால் புதன்கிழமை பின்னேரம் வேலைக்கு ஆள் போதாது, வர முடியுமா என்று எங்கள் மேலாளர் கேட்காத மாதமில்லை. கொன்ட்ராபாஸ் இல்லாவிட்டால் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் அழத் தொடங்கினாள். அழுதால் அவளுக்கு டொச்தான் வரும். மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள் என்று டொச்சில் சொல்லிவிட்டு, "உங்கட தோள் என்னாலதான் போனது" என்றாள்.

"ட்ராமை நீயே ஓட்டினனீ?" என்று கேட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் போய்விட்டது. மிச்சமாக இருந்தது களைப்பு மட்டும்தான். இறங்கும் இடம் வரும்வரை இடது கையால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பை நிறுத்தவில்லை. அடுத்த புதன்கிழமையும் நான் கூடப் போனேன். வெறுங்கையோடு போய், அதே கதிரையில் இருந்தேன், ஆனால் நித்திரை வரவில்லை. கதவுக் கண்ணாடியால் மகள் திரும்பிப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். சில மாதங்கள் இப்படிப் போனது. ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "அம்மா, நீங்கள் வீட்டில படுங்கோ. நான் போட்டு வாறன்." அதன் பிறகு அவள் தனியாகத்தான் போனாள். மேலாளர் வழக்கம்போலப் புதன்கிழமைப் பின்னேரத்துக்குக் கேட்டபோது, எனக்கு டெர்மின் இருக்கிறது என்றேன். இந்த நாட்டில் டெர்மின், அதாவது எங்கேயோ நேரம் குறித்திருக்கிறது, என்று சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தேன்.

மகள் சங்கீதத்தை மேற்கொண்டு படிக்கவில்லை. டோர்ட்மண்டில் ஆய்வுகூட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து அங்கேயே வேலை செய்கிறாள். வேலை முடிந்து கூடுகிற ஒரு வாத்தியக் குழுவில் கொன்ட்ராபாஸ் வாசிக்கிறாள். "இவ்வளவு பாடுபட்டு அதில போகேல்லையே?" என்று மச்சாள் இன்றைக்கும் தொலைபேசியில் கேட்கிறாள். பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. "இல்லை, அவளுக்கு அது போதும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கை இன்றைக்கும் காதுக்கு மேலே போகாது. இல்லத்தில் இப்போது சாப்பாட்டு அறையில் வேலை தந்திருக்கிறார்கள். போன மாதம் மகள் வந்திருந்தபோது, சமையலறையில் மேல்தட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் இறக்கி, என் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கினாள். நான் கேட்கவில்லை. மிளகாய்த்தூளை எங்கே வைத்தாள் என்று மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.