ராஜாவுக்கு எப்போது தெரிந்தது?

சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு அரை நிமிஷம் முன்பே பாலுசாமிக் கவுண்டர் சிரித்துவிடுவார். பக்கத்திலிருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். "வருது, வருது, பாருங்க" என்று தொடையைத் தட்டுவார். சொன்னபடியே வரும், முறைத்தவர்களும் சிரிப்பார்கள்.

நம் ஊரில் முகாம் போட்டிருக்கும் நாடகக் கம்பெனி சனிக்கிழமை தோறும் 'சோசியர் கல்யாணம்' போடுகிறது. ஒரு ராஜா தம் மகளைப் பணக்கார மந்திரி மகனுக்குக் கொடுக்க நினைக்கிறார். அவள் மனத்திலிருக்கும் ஏழை வாலிபன் தாடி ஒட்டிக்கொண்டு சோசியனாக அரண்மனைக்குள் நுழைந்து, "இவனுக்கே என் பெண்" என்று ராஜாவின் வாயாலேயே சொல்ல வைக்கிறான். அவ்வளவுதான் கதை. டாக்கி வந்த பிறகும் இதற்குக் கூட்டம் குறையவில்லை. கவுண்டர் பத்தொன்பது தடவை பார்த்திருக்கிறார்.

பருத்தி மண்டியில் அவருக்கு நல்ல பெயர். ஒரு பிடி பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்து, எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். தண்ணீர் தெளித்த பொதியை அவரிடம் யாரும் தள்ள முடியாது. காப்பி தொடமாட்டார். நாற்காலி டிக்கெட்டுக்கு வசதி இருந்தும் நாடகக் கொட்டகையில் தரையில்தான் உட்காருவார். நாற்காலியில் உட்கார்ந்தால் வயிறாரச் சிரிக்க வரவில்லையாம்.

"தெரிஞ்ச கதைய எத்தன தரமுங்க பாப்பீங்க?" என்று ஒரு நாள் அவர் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"அந்த ராசா என்ன மண்ணாந்தையா? தாடி ஒட்டுனவனத் தெரியாமயா இருக்கும்? தெரியுமுங்க. எந்த எடத்துல தெரிஞ்சுதுன்னுதான் எனக்குப் புடிபட மாட்டேங்குது. சோசியனுக்குப் பால் குடுக்கறப்பவா, ரேகை பாக்கக் கையக் காட்டறப்பவா? போன வாரம் ராசா வேசக்காரரையே கேட்டுப்போட்டேன். 'எனக்குச் சம்பளம் வாங்கறது ஒண்ணுதான் தெரியும், போய்யா'ன்னு தொரத்திப்போட்டாரு."

மோர் கொண்டுவந்த அவர் மனைவி சென்னியம்மாள், "ஊர்ல இருக்கற ராசாவையெல்லாம் ஆராய்ச்சி பண்றாருங்க. ஊட்டுல ஒரு புள்ள மூணு நாளாச் சோறு திங்காமக் கெடக்குது. அது கண்ணுல படாது" என்றாள்.

கவுண்டர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் சாந்தாமணிக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டிலிருந்து இடம் வந்திருந்தது. அவளோ தாய்மாமன் மகன் குமாரசாமியைத்தான் கட்டுவேன் என்கிறாள். அவன் காரமடையில் வாத்தியார். நிலம் நீச்சு ஒன்றும் கிடையாது.

"மேடையில நடக்கறது வேற, ஊட்டுல நடக்கறது வேறங்க" என்றார் கவுண்டர். மோரைக் குடித்து முடித்துவிட்டு, "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். அவ சொல்றதுதான்" என்றார்.

போன வெள்ளிக்கிழமை காலை அம்மன் கோயிலுக்கு என்னையும் கூப்பிட்டார். பூக் கேட்பதற்கு ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் ஆனைமலை. சிவப்பு வந்தால் அந்த இடம் வேண்டாம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். பிறகு மற்றதையும் எல்லாரும் பார்க்கப் பிரித்துக் காட்டுவது வழக்கம். பொட்டலங்களைக் கட்டிக் கொண்டுவந்தவள் சென்னியம்மாள்.

வந்தது சிவப்பு.

சாந்தாமணி தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டாள். பூசாரி மற்றப் பொட்டலத்தின் நாரில் கை வைத்தார்.

"அதெதுக்குங்க சாமி? அதுதான் ஆத்தா சொல்லிப்போட்டாளே!" என்றாள் சென்னியம்மாள். குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

கவுண்டர் அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "இங்க குடுங்க" என்று பூசாரியிடம் கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க..." என்று இழுத்தாள் சென்னியம்மாள்.

அவர் கோயில் கிணற்றடிக்கு நடந்தார். பூசாரியின் கை பட்டுத் தளர்ந்திருந்த முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். பிறகு பொட்டலத்தைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.